உலாவியைத் திறந்தவுடன் வரும் பக்கம்: தேர்ந்தெடுப்பது எப்படி, பாதுகாப்பது எப்படி?

புது தில்லி: பிரவுசர் எனப்படும் உலாவியைக் கணினியில் திறந்தவுடன், அன்றாடம் தேவைப்படும் இணையதளங்கள் தாமாகவே வரிசையாகத் திறக்கும்படி அமைத்துக்கொள்ளும் வசதி குரோம், எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி ஆகிய நான்கிலும் உள்ளது. இதற்குக் கட்டணம் இல்லை. தனி மென்பொருளும் தேவையில்லை. சில நிமிடங்களில் செய்து முடிக்கக்கூடிய இந்த அமைப்பைப் பலர் தொடுவதே இல்லை.

நேரத்தை மிச்சப்படுத்தும் சிறு வசதியாகவே இது பொதுவாகப் பார்க்கப்படுகிறது. ஆனால் இதில் பாதுகாப்பும் அடங்கியிருக்கிறது. வங்கி, வருமான வரி, கடவுச்சீட்டு போன்ற தளங்களுக்குச் செல்ல ஒவ்வொரு முறையும் தேடுபொறியில் பெயரைத் தட்டச்சு செய்பவர், தேடல் முடிவுகளுக்கிடையே விளம்பரமாகவோ ஒத்த பெயரிலோ தோன்றும் போலித் தளத்தை ஒவ்வொரு முறையும் கடந்தே செல்ல வேண்டியிருக்கிறது. சரியான முகவரியை ஒருமுறை சரிபார்த்து, அதையே தொடக்கப் பக்கமாக அமைத்துக்கொண்டால் அந்த அபாயம் பெருமளவு குறைகிறது.

மூன்று பக்கங்கள், மூன்று பயன்கள்

உலாவி அமைப்புகளில் மூன்று சொற்கள் அடிக்கடி ஒன்றோடொன்று குழப்பிக்கொள்ளப்படுகின்றன. உலாவியை இயக்கியவுடன் திறப்பது தொடக்கப் பக்கம். முகவரிப் பட்டைக்கு அருகில் உள்ள வீடு போன்ற சின்னத்தை அழுத்தினால் திறப்பது முகப்புப் பக்கம். ஏற்கெனவே இயங்கும் உலாவியில் கூட்டல் குறியை அழுத்தும்போது வருவது புதிய தாவல் பக்கம்.

குரோமிலும் எட்ஜிலும் இவை மூன்றும் தனித்தனி அமைப்புகள். முகப்புப் பக்கத்தை மாற்றிவிட்டு, உலாவியைத் திறக்கும்போது அது வரவில்லையே என்று பலர் குழம்புவதற்கு இதுவே காரணம். ஃபயர்ஃபாக்ஸில் முகப்புப் பக்கமும் தொடக்கப் பக்கமும் ஒரே அமைப்பின் கீழ் வருகின்றன.

குரோமிலும் எட்ஜிலும் தொடக்கப் பக்கங்கள் உலாவி புதிதாக இயங்கத் தொடங்கும்போது மட்டுமே திறக்கும் என்பதையும் கவனத்தில் கொள்ள வேண்டும். ஒரு சாளரம் ஏற்கெனவே திறந்திருக்கும்போது இரண்டாவது சாளரத்தைத் திறந்தால், புதிய தாவல் பக்கமே தோன்றும்.

முதல் பக்கத்தின் விலை

உலாவியில் முதலில் தோன்றும் இடத்துக்கு இணைய வணிகத்தில் பெரும் மதிப்பு உண்டு. நிறுவனம் முன்கூட்டியே அமைத்துக் கொடுத்ததைப் பெரும்பாலான பயனர்கள் மாற்றுவதில்லை என்பதே அதற்குக் காரணம்.

அமெரிக்காவில் கூகுள் நிறுவனத்துக்கு எதிராக அந்நாட்டு நீதித்துறை தொடர்ந்த வழக்கில் இந்த மதிப்பு எண்ணாகவே வெளிப்பட்டது. உலாவிகளிலும் கைப்பேசிகளிலும் தனது தேடுபொறியே இயல்புநிலையில் இடம்பெறுவதற்காக, 2021-ஆம் ஆண்டில் மட்டும் கூகுள் 2,630 கோடி டாலர் செலுத்தியதாக விசாரணையில் தெரியவந்தது. குஜராத்தின் பாட்டன் நகரில் பிறந்த நீதிபதி அமித் மேத்தா, 2024 ஆகஸ்ட் 5-ஆம் தேதி அளித்த தீர்ப்பில், தேடல் சந்தையில் கூகுள் சட்டவிரோதமாக ஏகபோகத்தைப் பேணிவந்ததாக அறிவித்தார்.

ஒரு நிறுவனம் பல ஆயிரம் கோடி கொடுத்துப் பெறும் இடத்தை, பயனர் தமது தேவைக்கேற்ப எவ்விதச் செலவுமின்றி மாற்றிக்கொள்ளலாம். அதற்கான உரிமை ஒவ்வொரு உலாவியின் அமைப்புகளிலும் அவருக்குத் தரப்பட்டுள்ளது.

எந்த முகவரியை நம்பலாம்?

தொடக்கப் பக்கமாக எதை அமைப்பது என்று முடிவு செய்வதற்கு முன், அந்த முகவரி உண்மையானதா என்று உறுதி செய்வது அவசியம். தவறான முகவரியைத் தொடக்கப் பக்கமாக அமைத்தால், தவறும் நாள்தோறும் தானாகவே திறக்கும்.

கடவுச்சீட்டு விண்ணப்பம் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. அதிகாரப்பூர்வத் தளத்தைப் போன்ற தோற்றத்துடன் இயங்கி, விண்ணப்பதாரர்களின் விவரங்களையும் கூடுதல் கட்டணத்தையும் பெறும் போலித் தளங்கள் குறித்து வெளியுறவு அமைச்சகம் பொதுமக்களை எச்சரித்துள்ளது. அமைச்சகத்தின் கடவுச்சீட்டு சேவைத் தளத்தின் முகவரி 'பாஸ்போர்ட்இந்தியா.கவ்.இன்' என்பதாகும்.

ஆங்கிலத்தில் ஜி-ஓ-வி, புள்ளி, ஐ-என் என்று முடியும் இந்த 'கவ்.இன்' முகவரிகள் அரசு அமைப்புகளுக்கு மட்டுமே வழங்கப்படுகின்றன. எனவே அரசுச் சேவை ஒன்றின் முகவரியைச் சரிபார்க்கும்போது, முகவரியின் முதல் பகுதியில் உள்ள பெயரைவிட அது எவ்வாறு முடிகிறது என்பதையே முதலில் பார்க்க வேண்டும். 'கவ்' என்ற சொல் முகவரியின் நடுவில் இடம்பெற்று, இறுதியில் 'காம்' அல்லது 'ஆர்க்' என்று முடிந்தால் அது அரசுக்குரிய முகவரி ஆகாது.

வங்கிகளுக்கும் இப்போது இதுபோன்ற தனி அடையாளம் உள்ளது. இணைய மோசடியைக் கட்டுப்படுத்தும் நோக்கில், வங்கிகளுக்கென 'பேங்க்.இன்' என்று முடியும் முகவரியை அறிமுகப்படுத்துவதாக இந்திய ரிசர்வ் வங்கி 2025 பிப்ரவரியில் அறிவித்தது. வங்கிகள் 2025 அக்டோபர் 31-ஆம் தேதிக்குள் தங்கள் தளங்களை அதற்கு மாற்ற வேண்டும் என்றும் உத்தரவிட்டது. ஹைதராபாதில் உள்ள வங்கித் தொழில்நுட்ப மேம்பாடு மற்றும் ஆராய்ச்சி நிறுவனமே இம்முகவரிகளைப் பதிவு செய்து தருகிறது. முன்பே வங்கித் தளத்தைத் தொடக்கப் பக்கமாகவோ புத்தகக்குறியாகவோ சேமித்து வைத்திருப்பவர்கள், அதைப் புதிய முகவரிக்கு மாற்றிக்கொள்வது நல்லது.

முகவரிகள் மாறுவது வங்கிகளில் மட்டும் நிகழ்வதன்று. மத்திய அரசுப் பணிகளுக்குத் தேர்வு நடத்தும் பணியாளர் தேர்வாணையம், 2024 பிப்ரவரியில் 'எஸ்எஸ்சி.என்ஐசி.இன்' என்ற பழைய தளத்திலிருந்து 'எஸ்எஸ்சி.கவ்.இன்' என்ற புதிய தளத்துக்கு மாறியது. பழைய தளத்தில் பதிவு செய்திருந்தவர்களும் புதிய தளத்தில் மீண்டும் ஒருமுறைப் பதிவை மேற்கொள்ள வேண்டியிருந்தது. சேமித்த முகவரிகளை அவ்வப்போது சரிபார்க்க வேண்டும் என்பதையே இது உணர்த்துகிறது.

பூட்டுச் சின்னத்தை மட்டும் கொண்டு ஒரு தளத்தை நம்புவதும் போதுமானதன்று. பயனருக்கும் தளத்துக்கும் இடையே செல்லும் தகவல் மறைகுறியாக்கம் செய்யப்படுகிறது என்பதை மட்டுமே அச்சின்னம் தெரிவித்தது. தளத்தை நடத்துபவர் நேர்மையானவர் என்று அது கூறியதில்லை. போலித் தளங்களும் அச்சின்னத்தைப் பெற முடியும். இந்தத் தவறான புரிதலைத் தவிர்க்கவே குரோம் உலாவி 2023 செப்டம்பரில் பூட்டுச் சின்னத்தை நீக்கிவிட்டு வேறொரு சின்னத்தைக் கொண்டுவந்தது.

குரோமில் அமைக்கும் முறை

குரோம் உலாவியின் வலது மேல் மூலையில் உள்ள மூன்று புள்ளிகளை அழுத்தி, 'செட்டிங்ஸ்' பகுதிக்குச் செல்ல வேண்டும். இடப்புறப் பட்டியலில் 'ஆன் ஸ்டார்ட்அப்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் மூன்று வாய்ப்புகள் தோன்றும். முதலாவது, புதிய தாவல் பக்கத்தைத் திறப்பது. இரண்டாவது, கடைசியாக உலாவியை மூடியபோது திறந்திருந்த பக்கங்களை மீண்டும் கொண்டுவருவது. மூன்றாவது, குறிப்பிட்ட ஒரு பக்கத்தை அல்லது பல பக்கங்களைத் திறப்பது.

மூன்றாவது வாய்ப்பைத் தேர்ந்தெடுத்து, 'ஆட் எ நியூ பேஜ்' என்பதை அழுத்தி முகவரியை உள்ளிட வேண்டும். ஒவ்வொரு தளத்துக்கும் இவ்வாறே செய்யலாம். விரும்பும் தளங்கள் அனைத்தும் ஏற்கெனவே தாவல்களில் திறந்திருந்தால், 'யூஸ் கரண்ட் பேஜஸ்' என்பதை ஒருமுறை அழுத்தினால் போதும். திறந்திருக்கும் எல்லாப் பக்கங்களும் பட்டியலில் சேர்ந்துவிடும் என்பதால், தேவையற்ற தாவல்களை முன்னதாகவே மூடிவிட வேண்டும். பின்னர் ஒரு தளத்தை நீக்க விரும்பினால், அதன் அருகில் உள்ள மூன்று புள்ளிகளை அழுத்தி நீக்கலாம்.

எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி

விண்டோஸ் கணினிகளுடன் வரும் எட்ஜ் உலாவியிலும் முறை ஏறத்தாழ இதுவே. 'செட்டிங்ஸ்' பகுதியில், தொடக்கம், முகப்பு, புதிய தாவல் ஆகியவற்றுக்கான பிரிவைத் திறந்து, 'வென் எட்ஜ் ஸ்டார்ட்ஸ்' என்ற தலைப்பின் கீழ் 'ஓபன் தீஸ் பேஜஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்து முகவரிகளைச் சேர்க்க வேண்டும்.

ஃபயர்ஃபாக்ஸில் 'செட்டிங்ஸ்' பகுதியில் 'ஹோம்' என்பதைத் திறக்க வேண்டும். முகப்புப் பக்கம் மற்றும் புதிய சாளரங்களுக்கான இடத்தில் 'கஸ்டம் யூஆர்எல்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்து முகவரியை இடலாம். ஒன்றுக்கு மேற்பட்ட முகவரிகளைக் கையால் உள்ளிடுபவர்கள், அவற்றுக்கிடையே செங்குத்துக் கோட்டுக் குறியை இட வேண்டும். திறந்திருக்கும் பக்கங்களை அப்படியே எடுத்துக்கொள்ளும் வசதியும் அங்கேயே உள்ளது. 'ஜெனரல்' பகுதியில் முந்தைய சாளரங்களையும் தாவல்களையும் திறக்கும் வாய்ப்பு தேர்வு செய்யப்பட்டிருந்தால், முகப்புப் பக்கங்களுக்குப் பதிலாகப் பழைய தாவல்களே வரும் என்பதால் அதை நீக்கிவிட வேண்டும்.

ஆப்பிள் கணினிகளில் உள்ள சஃபாரியில் சற்று வேறுபட்ட முறை பின்பற்றப்படுகிறது. தேவையான தளங்களை முதலில் புத்தகக்குறிகளாகச் சேமித்து, ஒரே கோப்புறையில் வைக்க வேண்டும். பின்னர் 'செட்டிங்ஸ்' பகுதியின் 'ஜெனரல்' பிரிவில், புதிய சாளரங்கள் எதனுடன் திறக்க வேண்டும் என்ற இடத்தில் தாவல் கோப்புறையைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பை அழுத்தி, அந்தக் கோப்புறையைக் காட்ட வேண்டும். உலாவியின் பதிப்பைப் பொறுத்து இச்சொற்களும் அவற்றின் இடமும் சற்றே மாறக்கூடும்.

உள்நுழைவுக்குப் பின் வரும் பக்கம் வேண்டாம்

முகவரியைச் சேமிக்கும்போது பலர் செய்யும் பிழை ஒன்று உண்டு. வங்கித் தளத்திலோ வரித் தளத்திலோ பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் இட்டு உள்நுழைந்த பிறகு தோன்றும் பக்கத்தையே தொடக்கப் பக்கமாகச் சேமித்துவிடுகின்றனர். அந்த முகவரி பெரும்பாலும் அப்போதைய அமர்வுக்கு மட்டுமே உரியது. மறுநாள் திறக்கும்போது பிழைச் செய்தியே வரும். எனவே உள்நுழைவதற்கு முன் தோன்றும் முதல் பக்கத்தின் முகவரியையே சேமிக்க வேண்டும்.

எத்தனை தளங்களைச் சேர்ப்பது என்பதும் முக்கியம். தொடக்கத்தில் திறக்கும் ஒவ்வொரு பக்கமும் கணினியின் நினைவகத்தையும் இணைய அளவையும் பயன்படுத்துகிறது. காணொளிகள் தாமாக ஓடும் தளங்கள் இரண்டு மூன்று சேர்ந்தால், பழைய கணினி மந்தமாகும். கைப்பேசியின் ஹாட்ஸ்பாட் மூலம் இணையம் பெறுபவரின் தரவுத் திட்டமும் விரைவில் கரையும். நாள்தோறும் உண்மையில் தேவைப்படும் மூன்று முதல் ஐந்து தளங்களுடன் நிறுத்திக்கொள்வது பொருத்தமாக இருக்கும்.

சிறு வணிகர் ஒருவருக்குச் சரக்கு மற்றும் சேவை வரித் தளம், வங்கித் தளம், மின்னஞ்சல் ஆகிய மூன்றும் போதுமானவை. போட்டித் தேர்வுக்குத் தயாராகும் மாணவர், தேர்வாணையத்தின் தளத்தையும் ஒரு செய்தித் தளத்தையும் அமைத்துக்கொண்டால், விண்ணப்ப அறிவிப்புகளையும் கடைசித் தேதிகளையும் பிறர் சொல்லிக் கேட்காமல் நேரடியாகவே அறிந்துகொள்ளலாம். மாதம் ஒருமுறை மட்டும் தேவைப்படும் தளங்களைப் புத்தகக்குறிகளாக ஒரு கோப்புறையில் வைத்துக்கொள்ளலாம். அக்கோப்புறையின் மீது வலது சொடுக்கிட்டால், அவை அனைத்தையும் ஒரே நேரத்தில் திறக்கும் வாய்ப்பு கிடைக்கும்.

பொதுக் கணினியில் கவனம் தேவை

விட்ட இடத்திலிருந்து தொடரும் வாய்ப்பு பலருக்கும் விருப்பமானது. எழுதிக்கொண்டிருந்த ஆவணமும் படித்துக்கொண்டிருந்த செய்தியும் மறுநாள் அப்படியே கிடைக்கும். ஆனால் பலர் பயன்படுத்தும் கணினியில் இது ஆபத்தானது. உலாவியை மூடினால் வழக்கமாக அழிந்துவிடும் அமர்வுத் தகவல்களை, இந்த வாய்ப்பு தக்கவைத்துக்கொள்கிறது. எனவே ஒருவர் வெளியேறாமல் மூடிச்சென்ற மின்னஞ்சல் கணக்கு, அடுத்து வருபவர் உலாவியைத் திறக்கும்போது கடவுச்சொல் கேட்காமலேயே திறக்கக்கூடும்.

இணைய மையங்கள், பொதுச் சேவை மையங்கள், நூலகங்கள், கல்லூரி ஆய்வகங்கள் ஆகியவற்றின் கணினிகளில் இவ்வாய்ப்பைத் தவிர்த்து, குறிப்பிட்ட பக்கங்கள் மட்டும் திறக்கும்படி அமைப்பதே பாதுகாப்பானது. அத்தகைய கணினியைப் பயன்படுத்துபவர், உலாவியை மூடுவதற்கு முன் ஒவ்வொரு கணக்கிலிருந்தும் வெளியேறுவதைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

கைப்பேசியில் என்ன செய்யலாம்?

கைப்பேசி உலாவிகளில், கணினியில் உள்ளதுபோல் பல தளங்களை ஒரே நேரத்தில் திறக்கும் தொடக்க அமைப்பு பொதுவாக இல்லை. ஆண்ட்ராய்டு கைப்பேசியில் உள்ள குரோமில் 'செட்டிங்ஸ்' பகுதியின் 'ஹோம்பேஜ்' என்ற இடத்தில் ஒரே ஒரு முகவரியை அமைக்கலாம்.

பல தளங்கள் தேவைப்படுவோருக்கு வேறொரு வழி உள்ளது. ஆண்ட்ராய்டு குரோமில் தளத்தைத் திறந்து, மூன்று புள்ளிகளை அழுத்தி, 'ஆட் டு ஹோம் ஸ்கிரீன்' என்பதைத் தேர்ந்தெடுத்தால், அத்தளத்துக்கான சின்னம் கைப்பேசியின் முகப்புத் திரையில் இடம்பெறும். ஐபோன் சஃபாரியில் பகிர்வுச் சின்னத்தை அழுத்தினால் இதே வாய்ப்பு கிடைக்கும். அதன் பின்னர் தேடுபொறிக்குச் செல்லாமல், சின்னத்தைத் தொட்டாலே சரியான தளம் திறக்கும்.

தொடக்கப் பக்கம் தானாக மாறினால்

பயனர் மாற்றாமலேயே தொடக்கப் பக்கம் மாறியிருந்தால் அதை எச்சரிக்கை அறிகுறியாகக் கருத வேண்டும். இலவச மென்பொருள்களுடன் ஒட்டிக்கொண்டு கணினிக்குள் நுழையும் சில நிரல்கள், தொடக்கப் பக்கத்தையும் தேடுபொறியையும் மாற்றி, பயனரைத் தாம் விரும்பும் தளங்களுக்குத் திருப்பிவிடுகின்றன. உலாவிக் கடத்தல் என்று இது அழைக்கப்படுகிறது.

இத்தகைய தாக்குதல் இந்தியாவுக்குப் புதிதன்று. 'ஃபயர்பால்' என்ற தீநிரல் உலகம் முழுவதும் 25 கோடி கணினிகளில் பரவியுள்ளதாகவும், அவற்றுள் 2.53 கோடி கணினிகளுடன் இந்தியாவே முதலிடத்தில் இருப்பதாகவும் செக் பாயிண்ட் என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனம் 2017 ஜூனில் தெரிவித்தது. பயனர்களின் முகப்புப் பக்கத்தையும் தேடுபொறியையும் போலித் தேடுபொறிகளாக மாற்றுவதே அந்நிரலின் முதன்மையான வேலை. இந்த எண்ணிக்கை மிகைப்படுத்தப்பட்டது என்று மைக்ரோசாஃப்ட் பின்னர் மறுத்தபோதிலும், அத்தகைய நிரல் பரவியது என்பதில் இரு நிறுவனங்களும் வேறுபடவில்லை.

தொடக்கப் பக்கம் மாறியிருப்பதைக் கண்டால், முதலில் உலாவியில் உள்ள நீட்டிப்புகளின் பட்டியலைப் பார்த்து, அறிமுகமில்லாதவற்றை நீக்க வேண்டும். அடுத்து, கணினியில் அண்மையில் நிறுவப்பட்ட மென்பொருள்களைச் சரிபார்க்க வேண்டும். சில நிரல்கள் உலாவியின் அமைப்பைத் தொடாமல், திரையில் உள்ள குறுக்குவழிச் சின்னத்தின் பண்புகளில் தமது முகவரியைச் சேர்த்துவிடும். அப்போது அமைப்புகள் சரியாக இருந்தும் தவறான பக்கமே திறக்கும். அந்தச் சின்னத்தை அழித்துவிட்டுப் புதிதாக உருவாக்கினால் சிக்கல் தீரும்.

இவற்றால் பலன் இல்லையெனில், குரோமின் 'ரீசெட் செட்டிங்ஸ்' வசதியைப் பயன்படுத்தி அமைப்புகளை இயல்புநிலைக்குக் கொண்டுவரலாம். அப்போது தொடக்கப் பக்கமும் தேடுபொறியும் பழைய நிலைக்குத் திரும்பும், நீட்டிப்புகள் முடக்கப்படும். புத்தகக்குறிகளும், சேமித்த கடவுச்சொற்களும், உலாவல் வரலாறும் அழியாது. எட்ஜிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் இதற்கு இணையான வசதிகள் உள்ளன.

உலாவி ஒரு நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது என்ற அறிவிப்பு அலுவலகக் கணினியில் தோன்றினால் அது இயல்பானதே. அங்கு தொடக்கப் பக்கத்தைத் தொழில்நுட்பப் பிரிவு நிர்ணயித்திருக்கக்கூடும். வீட்டுக் கணினியில் அதே அறிவிப்பு காரணமின்றித் தோன்றினால், தீநிரல் உள்ளதா என்று ஆராய்வது அவசியம்.

தீநிரல்களைக் கண்டறிந்து நீக்குவதற்கான இலவசக் கருவிகளை, மத்திய மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்தின் கீழ் இயங்கும் இந்தியக் கணினி அவசரநிலைக் குழு, 2017 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட 'சைபர் ஸ்வச்சதா கேந்திரா' தளத்தின் வழியாக வழங்கிவருகிறது.

போலித் தளத்தில் விவரங்களை அளித்துப் பணத்தை இழந்தவர்கள், தாமதமின்றி 1930 என்ற தேசிய உதவி எண்ணைத் தொடர்புகொண்டு, தங்கள் வங்கிக்கும் தகவல் தெரிவிக்க வேண்டும். விரைவாகப் புகார் அளித்தால், பணம் வேறு கணக்குகளுக்கு மாற்றப்படுவதற்கு முன் அதை முடக்கிவைக்கும் வாய்ப்பு அதிகம். மத்திய உள்துறை அமைச்சகத்தின் 'சைபர்கிரைம்.கவ்.இன்' தளத்திலும் புகாரைப் பதிவு செய்யலாம்.